உலகம்மாளின் கோபம் மாறிப்போன கதை

கோபத்தை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள் என்று சமரச மையத்து ஜெபமணி சார் வருகிறவர் எல்லாரிடமும் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார், யாரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை, அவரும் யாராவது காதில் போட்டுக்கொள்வார்கள் என்று நினைத்துச் சொன்னதில்லை. ஆனால் சாத்தம்பேரி உலகம்மாள் சொன்னதைச் சொன்னபடி கேட்கிற பிறவி, பள்ளிக்கூடத்தில் கையைக் கட்டு என்றால் மணி அடித்த பிறகும் கட்டியபடி நின்றவள், ஆகவே சார் சொன்ன உடனே செருப்பைக் கழற்றினாள், அப்புறம் நெஞ்சுக்குக் கீழே கையைக் கொடுத்துக் கோபத்தையும் கழற்றினாள், இரண்டையும் படியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு, சுட்ட செங்கல் நிறத்தில், முகம் என்று ஒன்று இல்லாமல் அது படியில் படுத்திருந்தது. தொட்டால் சுட்டது, பக்கத்தில் போனால் மிளகாய் வற்றல் வறுக்கிற நெடி ஏறித் தும்மல் வந்தது. கோர்ட் வளாகத்தில் டீக்கடை போட்டிருக்கும் பேச்சிமுத்து எட்டிப் பார்த்தார்.

"யாருது வே இது?"

"சாத்தம்பேரிப் பொம்பளைக்குள்ளது" என்றான் வாட்ச்மேன்.

"ஒல்லியாத்தான இருந்தா, இத எங்க வச்சிருந்தா?" என்று கேட்டுவிட்டுப் பேச்சிமுத்து கடைக்குத் திரும்பினார். மழைக்காலம், கிளாஸ் துடைக்கிற துணி இரண்டு நாளாகக் காயாமல் நாறிக்கொண்டிருந்தது, அதைக் கொண்டுவந்து கோபத்தின் மேல் விரித்தார், டீ ஆற்றி முடிப்பதற்குள் துணி மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று என்று மறுபடியும் இரண்டு துணியைக் கொண்டுவந்து போட்டார்.

அந்தக் கோபம் வந்த கதையைச் சொல்லாமல் மேலே போனால் எனக்கே ஆறாது. உலகம்மாளின் அப்பா சாகும்போது வீட்டை இரண்டாகப் பிரித்து, முன்பக்கத்தை மகன் ஆவுடையப்பனுக்கும் பின்பக்கத்தைத் தன் மூத்திரத்தையும் மலத்தையும் முகம் சுளிக்காமல் அள்ளிப்போட்ட மகள் உலகம்மாளுக்கும் கொடுத்து, பின்வீட்டிலிருந்து தெருவுக்கு வருகிற முடுக்கு இரண்டு பேருக்கும் பொது என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். ஆவுடையப்பன் முன்வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்டினான், முடுக்குக்கும் சேர்த்து டைல்ஸ் போட்டான், தெருமுனையில் இரும்புக் கேட் வைத்தான், சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டான். பால் காய்ச்சி ஒரு மாசம்கூட ஆகவில்லை, உலகம்மாளின் புருஷன் குத்தாலிங்கம் காலையில் பல் துலக்கப் போனவர் அப்படியே சரிந்து செத்துப்போனார். பாடை கட்டியாயிற்று, சங்கு ஊதியாயிற்று, கேட்டைத் திறக்கச் சொல்லி ஊர்க்காரர்கள் கீழே நின்று கூப்பிட்டார்கள், அவன் மாடியை விட்டு இறங்கவில்லை.

"புது வீட்டு வாசல் வழியா பொணம் போகக் கூடாது, பின்னால தூக்கிட்டுப் போங்க" என்று ஜன்னல் வழியாகச் சொன்னான்.

பின்னால் என்றால் பின்னால் வழி எங்கே இருக்கிறது? ஒரு மதில், மதிலுக்கு அந்தப்பக்கம் சாக்கடை ஓடை. தண்ணீர் டிரம்களைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்று நாலு பேர் பாடையைத் தூக்கிக் கொடுத்தார்கள், ஓடைக்குள் இறங்கி நின்று நாலு பேர் வாங்கினார்கள், நடுவில் ஒரு டிரம் உருண்டது, பாடை சாய்ந்தது, குத்தாலிங்கத்தின் தலை மதிலில் ணங்கென்று இடித்தது. செத்தவனுக்கு வலிக்காது என்று யாரோ ஒரு மகராசன் அந்த நேரத்தில் உலகம்மாளுக்கு ஆறுதல் சொன்னான். நாசமாய்ப் போக, வலிக்காவிட்டால் இடிக்கலாமா? அது வரைக்கும் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தவள் அந்தச் சத்தத்தோடு அழுகையை நிறுத்தினாள், பிறகு காரியம் முடிகிற வரைக்கும் அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, உள்ளே வேறொன்று வந்து உட்கார்ந்துவிட்டது.

முடுக்கில் நடக்க எனக்கும் பாத்தியம் உண்டு, அது என் உரிமை என்று கோர்ட்டில் வழக்குப் போட்டாள். அண்ணன் தங்கச்சி விவகாரம்தானே, பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று நீதிபதி சமரச மையத்துக்கு அனுப்பினார். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை; வாய்தா வாய்தா என்று பேரன் காலம் வரை இழுக்கிற வழக்கை நாலு பேர் உட்கார்ந்து பேசி முடிப்பது நல்ல காரியம்தான், ஜெபமணி சாரும் நல்ல மனுஷர்தான், வருகிறவர்களுக்குச் சொந்தச் செலவில் டீ வாங்கிக் கொடுப்பார், ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தரைக் குறுக்கே விடமாட்டார். வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் சம்மதமாக இருக்கிறார்கள் என்று நினைப்பது ஒன்றுதான் அவரிடம் இருந்த கோளாறு.

கோபத்தைப் படியில் வைத்துவிட்டுப் போன உலகம்மாள் உள்ளே நாற்காலியில் குளிர்ந்துபோய் உட்கார்ந்தாள். ஆவுடையப்பன் பேசினான்: காலையில் கேட்டைத் திறந்து விடுவேன், பொழுது அடைந்ததும் பூட்டிவிடுவேன், நல்லது கெட்டது என்றால் என்னிடம் கேட்டுக்கொண்டுதான் வரவேண்டும், இதெல்லாம் என் பெரிய மனசு, பாத்தியம் கீத்தியம் என்று நாளைக்கு எவளும் சொல்லக் கூடாது.

"சரிண்ணே" என்றாள் உலகம்மாள்.

"எழுதிக் கையெழுத்துப் போட்டுரலாமா?" என்று சார் கேட்டார்.

"சரி சார்" என்றாள். எழுதி வைக்கிறேன், அடுத்த தேதிக்கு வந்து கையெழுத்துப் போடுங்கள் என்று சார் அனுப்பிவைத்தார்.

வெளியே வந்தவள் தன் கோபத்துக்குப் பக்கத்தில் நின்றாள், அது பழகிய மாடு மாதிரி தானாக ஏறி உள்ளே போய் உட்கார்ந்தது, உட்கார்ந்த உடனே அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அட பாவி மொவள, எதுக்குட்டி சரின்ன?" என்று தன்னைத்தானே கேட்டபடி பஸ் ஏறினாள்.

அவள் போன பிறகு கோர்ட் வளாகம் சும்மா இருக்கவில்லை. அடுத்த வாய்தாவுக்கு வந்தவர்களும் அது தெரிந்து கழற்ற ஆரம்பித்தார்கள், வரப்புத் தகராறுக்காரர்கள் ஆளுக்கொரு சேவல் அளவு கோபத்தை வைத்துவிட்டுப் போனார்கள், அவை உள்ளே பேச்சுவார்த்தை நடக்கும்போது வெளியே கொத்திக்கொண்டு கிடந்தன. ஜீவனாம்ச வழக்குக்கு வந்த பெண்களின் கோபங்கள் தேய்ந்த சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தன, பிடித்தால் நழுவின. வக்கீல்கள் தங்கள் கோபத்தையும் கொண்டுவந்து வைத்தார்கள், ஆனால் அவற்றில் சூடே இல்லை, துணி காயவில்லை, பேச்சிமுத்து எடுத்துத் தள்ளி வைத்தார். படி முழுக்க நிறைந்து நடக்க இடமில்லாமல் போகவே தகர ஷெட் போட்டார்கள், வாட்ச்மேனை அதற்கே நிறுத்தினார்கள், போர்டு ஒன்று எழுதி மாட்டினார்கள்: உங்கள் கோபத்தை இங்கே விட்டுச் செல்லவும். மாறிப்போனால் நிர்வாகம் பொறுப்பல்ல.

மையத்தில் வழக்குகள் முடிகிற வேகத்தைப் பார்த்து மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. ஏன் முடியாது? மில் மெஷினில் கைவிரலைக் கொடுத்தவன் சரி என்றான், புருஷன் அடித்துப் பல் போன பெண் சரி என்றாள், எதைக் கேட்டாலும் சரி, எங்கே காட்டினாலும் கையெழுத்து. பல் போனவள் போகும்போது தன் கோபத்தை எடுத்துக்கொள்ளவே இல்லை, புருஷன் கையைப் பிடித்து மறுவழியாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டான், அது ஷெட்டின் மூலையில் ராவும் பகலும் முனகிக்கொண்டு கிடந்தது. அப்படித் தேடி வராத கோபங்கள் ஒவ்வொன்றாய்ச் சேர்ந்துகொண்டே போயின, அவற்றைப் பற்றி மேலிடத்துப் பாராட்டில் ஒரு வார்த்தையும் இல்லை.

அடுத்த தேதிக்கு வந்த உலகம்மாள், கழற்ற மாட்டேன், போன தடவையே பட்டது போதும் என்று படியில் நின்றாள். ரூல்ஸ் வந்துவிட்டது, கழற்றாமல் உள்ளே விட முடியாது என்றான் வாட்ச்மேன். ஆவுடையப்பன் அவளுக்கு முந்தியே தன்னுடையதைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே போயிருந்தான். வேறு வழி இல்லாமல் அவளும் கழற்றினாள். உள்ளே சார் வாசித்தார், அவள் சரி என்றாள், வாசித்ததை அச்சடிக்கப் போனால் மெஷினில் மை தீர்ந்திருந்தது, கையெழுத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்வோம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. கோயில் வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் நம் ஆட்கள் அடுத்தவர் செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு போவார்களே, அதே காரியம்தான். ஆவுடையப்பன் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு பேசியபடியே வந்தான், அவன் செருப்பு உலகம்மாளின் கோபத்துக்கு அடியில் மாட்டியிருந்தது, குனிந்து இழுத்தான், யார் என்ன என்று பார்க்காமல் அது அவன்மேல் ஏறிக்கொண்டது. போனை வைக்காமலே ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். பின்னால் வந்த உலகம்மாளுக்கு மிஞ்சியது ஒரு பூனைக்குட்டி அளவுப் பழங்கோபம், புளித்த மாவு வாடை அடித்தது. "இது என்னோடது இல்லியே" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அது சேலையைப் பிடித்து ஏறிவிட்டது. வாட்ச்மேன் போர்டைக் கை காட்டினான்.

ஆவுடையப்பன் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினான், கேட்டைப் பார்த்தான், இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான்.

"எவம்ல இதப் பூட்டுனது?"

"நீங்கதான்" என்றாள் அவன் பெண்டாட்டி செல்லக்கனி.

"என்னத்துக்குல பூட்டுன, நாய?" என்று அவன் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டான், கடப்பாரையை எடுத்து வந்தான், பட்டப்பகலில் தெரு முழுக்க நின்று பார்க்க இரும்புக் கேட்டைக் கொண்டியோடு பெயர்த்துச் சாக்கடையில் போட்டான், அதோடு நிற்காமல் பின்பக்கத்து மதிலுக்கு ஓடிப் போய்க் குத்தாலிங்கத்தின் தலை இடித்த அதே இடத்தில் தன் தலையைக் கொண்டுபோய் இடித்தான். ஒரு தடவை இடித்துவிட்டு, வலிக்குதா, வலிக்குதா என்று தன்னையே கேட்டுக்கொண்டு மறுபடியும் இடித்தான். நெற்றியில் ரத்தம் வழிய உலகம்மாளின் வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"மன்னிச்சிருட்டி உலகு. நான் மனுசனே இல்ல. மாப்ளய மருவாதியா அனுப்ப விடல்லியே நான்."

உலகம்மாள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள்மேல் ஏறியிருந்தது அண்ணனின் கோபம், அண்ணனின் கோபம் முழுக்க உலகம்மாள் மேல். அப்பா கடைசி நேரத்தில் உலகு உலகு என்றுதான் கூப்பிட்டார், பாதி வீடு அவளுக்குப் போயிற்று என்கிற அந்த ஒரே நச்சரிப்பு. அதனால் அவள் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம், "கட்டிக் கொடுத்த பிறவு பொறந்த வீட்டுல உனக்கு எதுக்குட்டி பங்கு, வெக்கங்கெட்டவள" என்று தன்னைத் திட்டினாள், சாப்பிட உட்கார்ந்தால் உனக்கு ஒரு கேடா என்று தட்டைத் தள்ளினாள்.

"எந்திரிச்சிப் போண்ணே" என்றாள் வாசலில் இருந்தவனிடம். "தப்பெல்லாம் எம்பேர்லதான்."

ஊர் இதைப் பார்த்து என்ன சொன்னது தெரியுமா? ஆவுடையப்பனுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று சொன்னது, மந்திரிக்க ஆள் கூட்டி வந்தது, வேப்பிலை அடித்தது. உலகம்மாளுக்குப் பேய் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள், அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டு பட்டினி கிடப்பதைப் பார்த்தார்கள், நமக்கும் அன்றாடம் வருவதுதானே என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். ஒரு ஆண் தன்மேல் கோபப்பட்டால் பேய், ஒரு பெண் தன்மேல் கோபப்பட்டால் அடக்கம். இந்த ஊரை என்ன செய்வது, சொல்லுங்கள்.

கையெழுத்துத் தேதிக்கு ஆவுடையப்பன் வாட்ச்மேன் வருவதற்கு முன்னாலேயே வந்து படியில் காத்திருந்தான், கண் குழிந்து, நெற்றியில் கட்டுப் போட்டு, பாதி ஆளாகியிருந்தான். உலகம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓடி வந்தான்.

"உலகு, இத எடுத்துக்கிடு. உறங்க முடியல, சோறு எறங்கல, கண்ண மூடுனா ணங்கு ணங்குன்னு கேக்கு. இத வச்சிக்கிட்டு நீ எப்படிட்டி இருந்த?"

அவள் அவனுடையதை முதலில் கழற்றிப் படியில் வைத்தாள். அது இறங்கியதும் மூச்சு சீராக வந்தது. யாருடைய கோபமும் இல்லாமல் நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்குப் புத்தி தெளிவாகத்தான் இருந்தது, ஜெபமணி சார் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. தன்னுடையது அண்ணனுக்குள் கிடந்து புகைவது அவளுக்குத் தெரிந்தது, அதை வாங்கிக்கொள்ளத்தான் அவள் வந்திருந்தாள், அதை வாங்கிய மறு நிமிஷம் இவன் பழைய ஆவுடையப்பன் ஆகிவிடுவான், நாளைக்குப் புதுக் கேட் வந்துவிடும் என்பதும் தெரிந்தது.

"சரிண்ணே" என்றாள் மெதுவாக. "எடுத்துக்கிடுதேன். கையெழுத்துப் போட்டுட்டு வந்து எடுத்துக்கிடுதேன். இப்ப அதோடயே உள்ள வா."

வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தான். "கோவத்தோட உள்ள போகப்படாது."

"அது எங்க அண்ணனோடது இல்ல அண்ணாச்சி, என்னோடது" என்றாள் உலகம்மாள். "உங்கள் கோபத்தைன்னுதான் போர்டுல போட்டிருக்கு. அடுத்தவங்க கோவத்தக் கொண்டு போவப்படாதுன்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க."

வாட்ச்மேன் திரும்பிப் போர்டை எழுத்துக் கூட்டி வாசித்தான். அப்படி எழுதியிருக்கவில்லை. பேச்சிமுத்துவும் கடையிலிருந்து வந்து வாசித்துப் பார்த்து, அந்தப் பொம்பளை சொல்வது நியாயம்தான் என்றார். வாட்ச்மேன் கையை எடுத்துக்கொண்டான்.

உள்ளே சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்: "எதிர்மனுதாரர் தமது பெருந்தன்மையின் பேரில், தம் சகோதரிக்குப் பகல் பொழுதில் மேற்படி முடுக்கில் நடந்து செல்ல அனுமதி அளிக்கிறார்."

மேஜையில் இருந்த டீ கிளாஸ் எகிறி விழுந்தது. ஆவுடையப்பன் எழுந்து நின்றான்.

"யாருக்கு சார் பெருந்தன்ம? பொணத்துக்குக் கதவத் தொறக்காத பயலுக்கா? அடிங்க அத!"

"ஆவுடையப்பன், நீங்க சொன்னதத்தான எழுதியிருக்கு" என்றார் சார்.

"நான் சொன்னா எழுதிருவியளா? நான் ஒரு அயோக்கியப் பய, நான் சொன்னத வாங்கி அழகா டைப் அடிச்சி வச்சிருக்கியள, நீங்க கேட்டியளா அவகிட்ட? அனுமதின்னு போட்டத அடிங்க. பாத்தியம்னு போடுங்க. பகல்னு போட்டதயும் அடிங்க. கேட்டு கெடையாது, பூட்டு கெடையாது. அந்த வழியா கல்யாணமும் போவும், பொணமும் போவும், எவனும் கேக்க முடியாதுன்னு எழுதுங்க."

சார் பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தார், ஒவ்வொன்றாக எழுதினார். அச்சடித்து வந்ததும் உலகம்மாள் பக்கம் திரும்பினார். "உனக்குச் சம்மதமாம்மா?"

"சரி சார்."

"யாரும் கட்டாயப்படுத்தலியே?" என்று ஆவுடையப்பனைக் கேட்டார்.

"இல்ல!" என்று அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் நடந்துகொண்டிருந்த ஜீவனாம்சப் பேச்சு ஒரு நிமிஷம் நின்றது. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டான், பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போயிற்று. அவளும் போட்டாள், சாரும் போட்டார், கோர்ட்டுக்குப் போகிற காகிதக் கட்டோடு சேர்த்து முத்திரையும் வைத்தாயிற்று.

வெளியே வந்ததும் உலகம்மாள் அண்ணனை ஒட்டிப் போய் நின்றாள். அது அவனை விட்டு இறங்கி அவள்மேல் ஏறியது, பாரத்தில் ஒரு தரம் குனிந்து நிமிர்ந்தாள், அத்தனை நாளும் இல்லாத பசி வயிற்றைக் கிள்ளியது. படியில் கிடந்த பூனைக்குட்டி தாவி ஆவுடையப்பன்மேல் ஏறியது. அவன் கண்ணைக் கசக்கினான், நெற்றிக் கட்டைத் தடவிப் பார்த்தான், திரும்பிச் சமரச மையத்து வாசலைப் பார்த்தான்.

"ஏமாத்திட்டாளே!" என்று கத்தினான். "எம்மேல எதையோ ஏவி விட்டுக் கையெழுத்து வாங்கிட்டாளே! எங்கேட்டு போச்சே! ஆசயா வச்ச கேட்டு!"

"கோர்ட்டுக்குப் போயாச்சுண்ணே, இனி ஒண்ணும் செய்ய முடியாது" என்றாள் உலகம்மாள். அவள் குரல் உயரவில்லை, ஆனால் பக்கத்தில் நின்ற வாட்ச்மேன் தும்மினான். "அத விடு. இத்தன நாளும் எங்கோவத்தப் போட்டுக்கிட்டு என் வாசல்ல வந்து மன்னிச்சிரு மன்னிச்சிருன்ன. அது நீ கேக்கல, எங்கோவம் கேட்டுது. இப்ப உள்ளுக்க இருக்கது உன்னோடது. இப்ப உன் வாயால ஒரே ஒரு தடவ சொல்லு. எங்கிட்டக் கூட வேண்டாம், போயிச் சேந்த எம் புருஷன் பேரச் சொல்லிச் சொல்லு."

பேச்சிமுத்து டீ ஆற்றுவதை நிறுத்தினார். ஆவுடையப்பன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பு அவன் காலில்தான் கிடந்தது, ஆனாலும் குனிந்து படியெங்கும் செருப்பைத் தேடினான், ஷெட்டுக்குள் போய்த் தேடினான், தேடிக்கொண்டே அந்தப் பக்கமாக இறங்கி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஜெபமணி சார் கண்ணாடியைத் துடைத்தபடி வெளியே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. "எவ்வளவு நல்லபடியா முடிஞ்சிது பாத்தியாம்மா? கேட்டதுக்கு மேலயே கெடச்சிட்டு. இனி அது எதுக்கு உனக்கு, இங்கயே விட்டுட்டுப் போயேன், நாங்க பாத்துக்கிடுதோம்."

"முடுக்கு வழக்கு முடிஞ்சிட்டு சார்" என்றாள் உலகம்மாள், செருப்பை மாட்டிக்கொண்டு. "மத்தது முடியல. அவன் மன்னிப்புக் கேக்கட்டும், அன்னைக்கு நானே கழத்திக்கிடுதேன்."